பச்சை ஓணானின் வயிற்றில் என்ன?

ஒரு ஓணானுக்காக மூன்றாவது தடவை லிஃப்ட் ஏற வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சலில், பூபாலன் ஒன்பதாம் மாடிப் பொத்தானைக் குத்திய குத்தில் அது உள்ளே போய் வெளியே வர யோசித்தது.

"மெதுவா மாமு. பொத்தான் மேலயும் சந்தேகமா?" என்றாள் ஃபாத்திமா.

பூபாலனுக்கு எதன் மேலும் சந்தேகம்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் காவல் வேலை பார்த்தவர் அவர். பித்தளைத் துண்டைக் கடத்துகிறவனை நடையை வைத்தே பிடித்த ஆள். ரிட்டயர் ஆன பிறகு மெட்டுகூடாவில் ஒரு அறையைப் பிடித்துத் துப்பறிகிறவர் என்று போர்டு மாட்டிக்கொண்டார். காணாமல் போன ஸ்கூட்டர், வீட்டை விட்டுப் போன மாப்பிள்ளை என்று வேலை வந்துகொண்டிருந்தது. ஃபாத்திமா எதிர் வீட்டுக்காரி. வாணியம்பாடி வம்சம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் ரயில்வே குவார்ட்டர்ஸில். இரண்டு பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பொழுது போகாமல் இவருக்கு உதவியாளாக வந்தவள். வாய் சும்மா இருக்காது. கண்ணும் சும்மா இருக்காது, அதனால்தான் அவர் அவளைக் கூட வைத்திருந்தார். அவளை முழுசாக நம்பினார் என்று சொல்ல முடியாது. தன் மூக்குக் கண்ணாடியையே கழற்றித் துடைத்துப் பார்த்த பிறகு நம்புகிற மனுஷன்.

கேஸ் இதுதான். மல்லாபூரில் ஒரு மருந்துக் கம்பெனி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் சுபாஸ்ரீ, இகுவானா என்று ஒரு பிராணி வளர்த்தாள். பச்சை நிறம், முதுகில் சீப்புப் பல் மாதிரி முள், உடம்பை விட நீளமான வால். பூபாலனைக் கேட்டால் அது ஓணான்தான். பெயர் மரகதம். இலை தழையைத் தவிர எதையும் தின்னக் கூடாத ஜாதி. அந்த மரகதத்துக்கு ஞாயிற்றுக்கிழமை ஆனால் வயிறு பந்து போல வீங்கி, கால் இழுத்து, கண் சொருகிவிடுகிறது. மௌலா அலியில் குடியிருந்தபோது இப்படி இல்லை. இந்த அடுக்குமாடிக்கு வந்த பிறகு ஆரம்பித்த வினை.

மிருக வைத்தியர் வர்ஷினி கடைசியாகச் சொல்லிவிட்டாள். யாரோ ஆகாததைக் கொடுக்கிறார்கள். என்னவென்று தெரிந்தால் மருந்து கொடுக்கலாம். தெரியாமல் இன்னொரு தடவை வீங்கினால் பிழைக்காது.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளைக் காலைக்குள் கண்டுபிடித்தாக வேண்டும்.

முதல் தடவை வந்தபோது பூபாலன் சமையல்காரி கமலாவைச் சந்தேகப்பட்டார். கேள்வி கேட்டால் தரையைப் பார்த்தாள், அது போதும் என்று நினைத்தார். அவளை நிறுத்திவிட்டார்கள். அந்த ஞாயிறும் வயிறு வீங்கியது. அடுத்தது கீரை வண்டி அப்துல் ரஹீம். தழையில் பூச்சி மருந்து அடிக்கிறான் என்றார். ரஹீம் பாய் நடுத்தெருவில் வண்டியை நிறுத்தி, ஒரு கட்டு முருங்கைக் கீரையைப் பச்சையாக மென்று தின்று, "ஹவ், இப்ப என் வயித்தைப் பாரு, வீங்குதா?" என்று சட்டையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கூடிவிட்டது. கீரையை வேறு கடையில் வாங்கியும் வயிறு வீங்கியது.

இப்படி இரண்டு பேரிடம் அவமானப்பட்ட பிறகு மனுஷன் எப்படி இருப்பான்? பூபாலன் அப்படித்தான் இருந்தார்.

சுபாஸ்ரீ கதவைத் திறந்தாள். தலைக்குக் குளித்து முடியைத் துண்டில் சுற்றியிருந்தாள். முகம் வாடியிருந்தது. இரண்டு பேருக்கும் காபி கொண்டுவந்து வைத்தாள்.

"நீ குடிக்கலையா?" என்றார் பூபாலன்.

"நான் அப்புறம் குடிக்கிறேன் சார்."

பூபாலன் எடுத்த டம்ளரைக் கீழே வைத்தார். ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறவள் தான் போட்ட காபியைத் தானே குடிக்கமாட்டேன் என்கிறாள். அது என்ன கணக்கு?

ஃபாத்திமா தன் காபியைக் குடித்துவிட்டு அவருடையதையும் எடுத்துக்கொண்டாள். "நான் செத்தா கேஸ் முடிஞ்சுது மாமு. கைக்கு டென்ஷன், எதுக்குப் பயம்?"

சமையலறை வாசலில் சுபாஸ்ரீயின் அப்பா ஜெயச்சந்திரன் நின்றிருந்தார். திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர். மனைவி போன வருஷம் தவறிய பிறகு மகளோடு வந்து தங்கிவிட்டார். மருமகன் அனிருத் வேலை விஷயமாகத் துபாயில்.

"அண்ணாச்சி, இன்னும் எவ்வளவு நேரம் ஆவும்?" என்றார் ஜெயச்சந்திரன்.

"ஏன், எங்கேயாவது போகணுமா?"

"அதெல்லாம் இல்ல. சும்மா கேட்டேன்."

சும்மா கேட்கிற கேள்வி என்று உலகத்தில் ஒன்று உண்டு என்பதைப் பூபாலன் ஒத்துக்கொண்டதில்லை. அதுவும் இந்த ஆள், போன தடவை வீட்டுக்குள் ஒரு கேமரா மாட்டலாம் என்றபோது, "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்" என்று துள்ளிக் குதித்தவர். வயசான ஆள், வெட்கப்படுகிறார் என்று அன்றைக்கு விட்டுவிட்டார்கள்.

"என்ன தீனி போடுறே, இன்னொரு தடவை சொல்லு," என்றார் சுபாஸ்ரீயிடம்.

"முருங்கைக் கீரை, செம்பருத்தி இலை, பூ. பூசணி கொஞ்சம் துருவிப் போடுவேன். பாலக் கீரை எப்பவாவதுதான், தினம் கொடுத்தா எலும்புக்கு ஆகாது. மேல சுண்ணாம்புச் சத்துப் பொடி தூவுவேன். முட்டை, கறி, ரொட்டி எதுவும் காட்டக்கூட மாட்டேன்."

"இந்தச் சாப்பாடு நான் சாப்பிட்டிருந்தா லிஃப்ட்ல இன்னொரு ஆளுக்கு இடம் இருந்திருக்கும்," என்றாள் ஃபாத்திமா.

"பெட்டியைப் பூட்டுறியா?"

"பூட்டுவேன் சார். காலையில வெயிலுக்கு மட்டும் பால்கனியில விடுவேன். கண்ணாடி வழியா வர்ற வெயில் அதுக்குப் பிரயோஜனமில்லன்னு டாக்டர் சொன்னாங்க. நேரா உடம்புல படணுமாம்."

"சாவி?"

சுபாஸ்ரீ கையைக் காட்டினாள். சாமி படத்துக்குப் பக்கத்தில், ஆணியில், சிவப்புக் கயிற்றோடு தொங்கியது.

பூபாலனுக்கு மண்டை சூடானது. "பூட்டும் போட்டுட்டு, சாவியை விளக்கு வெச்சுக் காட்டுறே. ஒர்க்‌ஷாப்புல இப்படித் தொங்கவிட்டிருந்தா ரயில் எஞ்சினே வெளியே போயிருக்கும்."

"வீட்டுக்குள்ள நானும் அப்பாவும்தானே சார் இருக்கோம்."

மரகதம் அப்போது பால்கனியில் ஒரு மரக்கிளை மேல் படுத்திருந்தது. மரகதம் என்ற பெயருக்கு இப்போது தகுதியில்லை. வாடின வாழையிலை நிறம். ஒரு கண்ணை மட்டும் திறந்து பூபாலனைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது. அதற்கும் அவர் மேல் நம்பிக்கை இல்லை போலிருக்கிறது.

ஃபாத்திமா பெட்டிக்குள் விரித்திருந்த பழைய செய்தித்தாளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். மூக்கைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு, கொண்டை ஊசியால் எச்சத்தைக் கிளறினாள்.

"மாமு, இதுல கருப்பா ஏதோ இருக்கு."

"அது கீரை விதை அக்கா. எப்பவும் இருக்கும்," என்றாள் சுபாஸ்ரீ.

"எப்பவுமா, ஞாயித்துக்கிழமையா?"

சுபாஸ்ரீ யோசித்தாள். "ஞாயிறு, திங்கள்லதான் பார்த்திருக்கேன்."

ஃபாத்திமா நாலைந்து மணிகளைக் கழுவி, வெள்ளைக் காகிதத்தில் வைத்து நகத்தால் நசுக்கினாள். காகிதத்தில் வட்டமாக எண்ணெய் ஊறியது.

"கீரை விதை இப்படி எண்ணெய் விடுமா? இது எள்ளு. எங்க வீட்டு பகாரா பைங்கன் கத்திரிக்காய்க் குழம்புக்கு அரைச்சு அரைச்சு என் கையே தேஞ்சு போச்சு, எனக்குத் தெரியாதா. வேணும்னா ஒண்ணு வாயில போட்டுப் பாரு."

"அது எங்கேருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சுமா சொல்றே?"

"கழுவியாச்சு மாமு."

பூபாலன் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு எழுந்தார். இத்தனை நாளில் கையில் சிக்கின முதல் துப்பு. "வீட்டுல எள்ளு இருக்காம்மா?"

சுபாஸ்ரீ வாயைத் திறப்பதற்குள் ஜெயச்சந்திரன், "எள்ளு எந்த வீட்டுலதான் இல்ல?" என்றார். "அந்த வலையைப் பாத்தியளா அண்ணாச்சி? ஓரத்துல அறுந்து கெடக்கு."

பூபாலன் பால்கனிக்குப் போனார். புறா வராமல் இருக்க மேலிருந்து கீழ்வரை நைலான் வலை அடித்திருந்தது. கைப்பிடிச் சுவரின் மேல், பக்கத்து வீட்டை ஒட்டின மூலையில், ஒரு தலை நுழைகிற அளவுக்கு ஓட்டை. அந்தப் பக்கம் கையை நீட்டினால் எட்டும் தூரத்தில் அடுத்த பால்கனி.

"அங்க யாரு?"

"ராகவேந்திரா சார். அசோசியேஷன் செக்ரட்டரி," என்றாள் சுபாஸ்ரீ. "ஓணான் வளர்க்கக் கூடாதுன்னு மீட்டிங்ல சண்டை போட்டவர்."

பூபாலனுக்கு உடம்பில் பழைய ரத்தம் ஓடியது. விரோதம் இருக்கிறது. வழி இருக்கிறது. இனி எள்ளு மட்டும் இருந்தால் போதும்.

ராகவேந்திராவின் கதவைத் தட்டினார்கள். ராய்ச்சூர்க்காரர். ஓசூரில் நெடுங்காலம் வேலை பார்த்ததால் தமிழ் வரும். கதவைத் திறந்து முழுசாக வணக்கம் சொல்வதற்குள் பூபாலன் உள்ளே போய்விட்டார். சாப்பாட்டு மேஜை மேல் ஒரு கண்ணாடி ஜாடி. அதற்குள் எள்ளு, வெல்லம், கொப்பரை, வேர்க்கடலை எல்லாம் கலந்து கிடந்தது.

பூபாலன் ஜாடியைத் தூக்கிப் பிடித்தார். "இது என்னய்யா?"

"சங்கராந்திக்குச் செஞ்சது. மிச்சம் இருக்கு. எடுத்துக்குங்க."

"நான் எடுத்துக்க வரல. வலை ஓட்டை வழியா கையை விட்டு, அந்தப் பொண்ணு வளர்க்கிற ஓணானுக்கு இதைத்தானே போடுறே?"

ராகவேந்திரா ஜாடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஃபாத்திமாவைப் பார்த்து, "இவருக்கு உடம்பு சரியில்லையா?" என்றார்.

"காபி குடிக்கல சார் இன்னும். அதான்."

"ஐயா, நான் பல்லியைக் கண்டா பாத்ரூம்ல இருந்து துண்டோட வெளியே ஓடி வர்றவன். எதுக்கு அதை வளர்க்கக் கூடாதுன்னு சண்டை போட்டேன்? பயத்துலதான். அது வாய் பக்கத்துல நான் கையை நீட்டுவேனா?"

"பயப்படுற மாதிரி நடிக்கலாம்."

"நடிச்சுக்கிட்டே எள்ளு போடலாம், அதானே? எள்ளைப் பாருங்க முதல்ல."

ஃபாத்திமா காகிதத்தைப் பிரித்து ஜாடியின் பக்கத்தில் வைத்தாள். ஜாடியில் இருந்தது வெள்ளை எள்ளு. காகிதத்தில் இருந்தது கறுப்பு.

"சங்கராந்திக்குக் கறுப்பு எள்ளு போடுவாங்களா?" என்றார் ராகவேந்திரா. இப்போது நிஜமாகவே கோபம் வந்திருந்தது. "அது செத்தவங்களுக்கு எடுக்கிறது. எங்க அப்பா திதி அன்னிக்கு வாங்குவேன், மிஞ்சினதை அன்னிக்கே தண்ணியில விட்டுருவேன். நல்ல நாள்ல என் வீட்டுல வந்து கறுப்பு எள்ளைப் பத்திப் பேசுறீங்க."

பூபாலன் ஜாடியைக் கீழே வைத்தார். மூன்றாவது தடவையும் அவமானம். இந்த ஆள் பொய் சொன்னால் தேவலை என்று இருந்தது. ஆனால் பொய் சொல்கிறவன் இவ்வளவு சத்தமாகச் சொல்லமாட்டான்.

ஃபாத்திமா அதற்குள் ராகவேந்திராவின் பால்கனிக்குப் போயிருந்தாள். "மாமு, இங்க வா. இங்கேருந்து பார்த்தா வேற மாதிரி தெரியுது."

பூபாலன் போய் நின்றார்.

"அறுந்த நூலெல்லாம் எந்தப் பக்கம் நீட்டிக்கிட்டு நிக்குது?"

வெளிப்பக்கம். உள்ளே இருந்து கத்தியைக் கொடுத்து அறுத்திருக்கிறார்கள்.

"ஒன்பதாவது மாடியில வெளியேருந்து எவன் வருவான்னு அப்பவே நினைச்சேன். இப்ப அந்தச் சுவரைப் பாரு."

மல்லாபூர்த் தொழிற்சாலைத் தூசி அந்தக் கட்டடத்தின் சுவரில் எல்லாம் சாம்பல் பூசினாற்போல் படிந்திருந்தது. சுபாஸ்ரீ வீட்டுக் கைப்பிடிச் சுவரும் அப்படித்தான். ஆனால் ஓட்டைக்கு நேர் கீழே, ஒரு இலை விரிக்கிற அளவுக்கு மட்டும், பளிச்சென்று கழுவி விட்டிருந்தது. அதைச் சுற்றித் தண்ணீர் தெளித்துக் காய்ந்த தடம். எறும்பு வரிசை ஒன்று அங்கே போய் மோப்பம் பிடித்துவிட்டுத் திரும்பியது.

"விஷம் வைக்கிறவன் இடத்தைக் கழுவிட்டா வைப்பான்?" என்றாள் ஃபாத்திமா. "நான் எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளிக்கே கழுவமாட்டேன்."

பூபாலன் அசையவில்லை. கறுப்பு எள்ளு. சனிக்கிழமை. கழுவின இடம். சுற்றித் தண்ணீர். அந்த ஓட்டை திருடன் போட்டது இல்லை, யாரோ ஒருவர் உள்ளே வரட்டும் என்று திறந்து வைத்தது. அவருக்கு வாய் வரைக்கும் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அதை முழுங்கிக்கொண்டு, ராகவேந்திராவிடம் ஒன்றும் சொல்லாமல் விறுவிறுவென்று திரும்பினார்.

"அவருகிட்ட ஒரு சாரி சொல்லிட்டு வரலாம் மாமு."

"நக்கோ, என்னால ஆகாது. நீ சொல்லிட்டு வா."

சுபாஸ்ரீயின் வீட்டு ஹாலைத் தாண்டி நேராகப் பால்கனிக்குப் போனார். சுபாஸ்ரீ பின்னாலேயே வந்தாள். "என்ன சார், அவர்தானா?"

"பேசாம நில்லு."

மரகதம் கிளையில் அதே இடத்தில் கிடந்தது. செத்தது போலத்தான் கிடந்தது. பூபாலன் கைப்பிடிச் சுவரின் அருகே போய், கழுவின இடத்தில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு, ஒன்பதாம் மாடியில் பக்கத்து வீட்டுக்காரன் பார்க்கிறானே என்ற வெட்கத்தையும் விட்டு, வாயைக் குவித்துக் கூப்பிட்டார்.

"கா... கா... கா..."

மரகதம் கண்ணைத் திறந்தது.

தலையைத் தூக்கியது. கழுத்துத் தோல் விரிந்தது. முன்னங்காலை எடுத்து வைத்து, பின்னங்கால் இழுக்க, கிளையிலிருந்து இறங்கியது. நடக்கத் தெம்பில்லாத பிராணி தரையில் வாலைத் தேய்த்துக்கொண்டு வந்து, செடித் தொட்டி மேல் ஏறி, அங்கிருந்து கைப்பிடிச் சுவரில் ஏறி, கழுவின இடத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தது. நாக்கை நீட்டிக் காரையைத் தொட்டுப் பார்த்தது. ஒன்றும் இல்லை. பூபாலனை அண்ணாந்து பார்த்தது.

வாசல்படியில் அப்போதுதான் வந்து நின்ற ஃபாத்திமாவுக்கே வாய் அடைத்துப்போனது.

"அப்படிக் கூப்பிடாதீய அண்ணாச்சி," என்று பின்னாலிருந்து ஜெயச்சந்திரனின் குரல் வந்தது. "அது வந்துரும்."

அவர் கையில் ஒரு பித்தளைக் கிண்ணம். மேலே தட்டு வைத்து மூடியிருந்தது. பூபாலன் தட்டைத் தூக்கினார். எள்ளுச் சாதம். நெய் மினுமினுத்தது.

சுபாஸ்ரீ கிண்ணத்தைப் பார்த்தாள், ஓணானைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "இது காக்காய்க்கு வைக்கிறதுப்பா."

"ஆமா."

"வாராவாரம் வந்து எடுத்துட்டுப் போகுதுன்னு சொன்னீங்களே. அம்மா வந்துட்டா, நீ சாப்பிடுன்னு."

"சொன்னேன்."

"வரலையா?"

"இந்த வீட்டுக்கு ஒரு நாளும் வரல."

பூபாலனுக்கு அடக்கி வைத்திருந்த எரிச்சல் அத்தனையும் பொங்கியது. "ஏன்யா, மூணு தடவை வந்து கேட்டேனே, உன் வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? கமலா வேலை போச்சு. ரஹீம் பாய் தெருவுல நின்னு தழையைத் தின்னான். இப்ப அந்த செக்ரட்டரி வீட்டுல நான் பைத்தியக்காரன் ஆயிட்டேன். ஏம்மா, உனக்கும் தெரியும்ல இவரு சோறு வைக்கிறது? ஏன் சொல்லல?"

"நீங்க ஓணானுக்கு யார் என்ன கொடுக்கிறாங்கன்னுதான் சார் கேட்டீங்க," என்றாள் சுபாஸ்ரீ. "அம்மாவுக்கு வைக்கிறதை ஏன் சொல்லப் போறேன்?"

அவள் சொன்னது சரிதான் என்று பூபாலனுக்குப் பட்டது. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அது சாகக் கிடக்குப்பா," என்று சுபாஸ்ரீ அப்பாவிடம் திரும்பினாள். "உங்களுக்கு அதைப் பிடிக்கலன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? இப்படி வாராவாரம்..."

"பிடிக்காமயா?" ஜெயச்சந்திரன் கிண்ணத்தைச் சுவரின் மேல் வைக்கப் போனார், ஓணான் கழுத்தை நீட்டியதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். "நீ என்னத்தச் சொன்ன? அம்மா சாப்பிடாம நான் சனிக்கிழமை பல்லுல தண்ணி படவிட மாட்டேன்னு சொன்ன. மௌலா அலியில மொட்டைமாடியில வெச்ச உடனே காக்கா வந்துச்சு, நீயும் சாப்பிட்ட. இங்க வந்த முத வாரம் நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டுனதுதான் மிச்சம். வலை இருக்கே, எப்படி வரும்? நீ பட்டினியாவே வேலைக்குப் போன. மத்தியானம் உன் கூட வேலை பாக்குத ஜேம்ஸ் பையன் கைத்தாங்கலா கொண்டாந்து விட்டான், ஆய்வுக்கூடத்துல மயங்கி விழுந்துட்டன்னு."

சுபாஸ்ரீ தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறு வாரம் வலையை அறுத்தேன். அப்பவும் வரல. கீழ கொண்டுபோய் வைப்போம்னு போனா, பறவைக்குத் தீனி போடக் கூடாதுன்னு செக்ரட்டரி தொரத்துதாரு. திரும்பி வந்து இங்கன வெச்சிட்டு நிக்கேன். நீ குளிச்சிட்டு வந்து கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு, 'வந்தாளாப்பா?'ன்னு கேக்கே. நான் என்ன சொல்லட்டும்? அந்த நேரம் இது ஏறி வந்து ஒரு வாய் எடுத்துச்சு. வந்துட்டா தாயீ, நீ சாப்பிடுன்னு சொல்லிட்டேன்."

"அதுக்கு அப்புறமும் ஏன் பெட்டியைத் திறந்துவிட்டே? குப்பையில கொட்டிட்டுப் பொய் சொல்லியிருக்கலாமே," என்றார் பூபாலன்.

"அவளுக்குன்னு பொங்கின சோத்தையா?" ஜெயச்சந்திரன் அவரை விரோதியைப் பார்ப்பது போலப் பார்த்தார். "குப்பையிலயா கொட்டச் சொல்லுதீய? ஒரு சீவன் திங்கணும்லா. இலை திங்குத சீவன், நெல்லும் புல்லுதானேன்னு நெனச்சேன். சோத்துனாலதான் வீங்குதுன்னு நெசமா எனக்குத் தோணல. போன வாரம் லேசா சந்தேகம் வந்துச்சு. கொஞ்சமா வெச்சேன். இன்னைக்கு ரெண்டு பருக்கையோட நிறுத்திருவோம்னு இருந்தேன். நீங்க எடத்தை விட்டு எந்திரிக்கவே இல்ல."

ஃபாத்திமா அதற்குள் டாக்டர் வர்ஷினிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்திருந்தாள். "மேடம், கண்டுபிடிச்சாச்சு. சோறு, நெய், எள்ளு."

"எவ்வளவு நாளா?"

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து, வாராவாரம்."

வர்ஷினி பெருமூச்சு விட்டது எல்லாருக்கும் கேட்டது. "அது வயிறு இலையை மெதுவா ஊற வெச்சுச் செரிக்கிற வயிறு. அதுல சோறும் நெய்யும் போனா புளிச்சுக் காத்து கட்டாம என்ன செய்யும்? இப்ப வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் உட்கார வைங்க. அப்புறம் விளக்குச் சூட்டுல விடுங்க. இன்னிக்குத் தீனி எதுவும் வேண்டாம். சாயங்காலம் கொண்டு வாங்க, மருந்து தர்றேன். இனிமே ஒரு பருக்கை உள்ளே போகலன்னா பிழைச்சுக்கும். போச்சுன்னா என்கிட்ட கொண்டு வராதீங்க."

சுபாஸ்ரீ ஓணானைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "இனிமே சாவியை நானே வெச்சுக்கிறேன் சார்."

"பூட்டைப் பத்தி என்கிட்ட பேசாதே," என்றார் பூபாலன். "நான் வாழ்க்கை பூராவும் பூட்டுக்குக் காவல் நின்னவன். உள்ளே இருக்கிறவன் திறக்கணும்னு நினைச்சா எந்தப் பூட்டும் நிக்காது. அடுத்த சனிக்கிழமை நீ பட்டினி கிடப்பே. இவரு பார்த்துக்கிட்டு இருப்பாருன்னு நினைக்கிறியா? சாவி இல்லன்னா கண்ணாடியை உடைப்பாரு. நான் இவரை நம்பமாட்டேன்."

ஜெயச்சந்திரன் மறுக்கவில்லை.

"அதனால இப்ப நீ சாப்பிடு."

"காக்கா இன்னும்..."

"வராதும்மா. இங்க வராது." இவ்வளவு முரட்டுத்தனமாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று சொன்ன பிறகு தோன்றியது. ஆனால் வேறு மாதிரி சொல்ல அவருக்கு வராது. "டாக்டர் சாயங்காலம் கொடுக்கிறது ஓணானுக்கு மருந்து. நீ சாப்பிடுறதுதான் இவருக்கு மருந்து. ரெண்டுல ஒண்ணு குறைஞ்சாலும் இந்தப் பிராணி பிழைக்காது. சாப்பிட்டுட்டு அந்தக் கமலாவுக்கு ஒரு போன் போடு. பேசுறதுக்கு நான் வேணும்னாலும் நிக்கிறேன்."

சுபாஸ்ரீ பக்கெட்டில் வெந்நீரும் தண்ணீரும் கலந்து, முழங்கையை விட்டுச் சூடு பார்த்து, மரகதத்தை அதில் இறக்கினாள். அது கண்ணை மூடிக்கொண்டு நீரில் மிதந்தது. ஃபாத்திமா பக்கத்தில் குந்திக்கொண்டு, "போ மேடம், நான் பிடிச்சுக்கிறேன். என் மருமகனை விட இது சொன்ன பேச்சு கேக்குது," என்றாள்.

சுபாஸ்ரீ ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். பால்கனிப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். அங்கே வானம் தொழிற்சாலைப் புகையோடு சும்மா இருந்தது. பிறகு சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். ஜெயச்சந்திரன் அடுப்பு மேல் இருந்த பாத்திரத்திலிருந்து எள்ளுச் சாதத்தைத் தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தார். வைத்துவிட்டு நகரவில்லை.

அவள் ஒரு உருண்டையைப் பிடித்தாள். கையிலேயே வைத்திருந்தாள். பூபாலன் அந்தப் பக்கம் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பக்கெட்டில் நீர் சலசலத்தது.

வாயில் போட்டாள். மென்றாள். மெல்லுவதை நிறுத்தினாள்.

"என்ன தாயீ?" என்றார் ஜெயச்சந்திரன் பதறி.

"உப்பே இல்லப்பா."

அவர் பாத்திரத்தைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

"உங்கம்மா ஒரு நாளும் சொல்லலியே," என்று சொல்லிவிட்டு உப்பு ஜாடியை எடுக்கக் கையை நீட்டினார்.